கால்மிதியில் ஈரம்

காலையில் ரேடியேட்டர் மூடியைத் திருகிப் பார்த்தால்
முக்கால் லிட்டர் காணோம்.
நேற்றும் முக்கால். முந்தாநாள் கொஞ்சம் கூட.

புனோவில் தண்ணீர் எண்பத்தேழிலேயே கொதித்துவிடும்.
நூறு வரை காத்திருக்க
இந்த உயரத்தில் அதற்குப் பொறுமை கிடையாது.
எனக்கும்தான்.

ராத்திரி வண்டிக்கடியில்
அட்டைப்பெட்டி ஒன்றைப் பிரித்து விரித்தேன்.
விடிந்ததும் குனிந்து பார்த்தால்
பழைய எண்ணெய்ச் சொட்டு ஒன்று,
பூனை நடந்த தடம்.
பச்சை இல்லை.

ஹோஸ்களை விரலால் அமுக்கினேன், வெடிப்பில்லை.
கிளாம்ப்களை அரைச்சுற்று இறுக்கினேன்.
வாட்டர் பம்ப் மூக்கு ஒழுகவில்லை.
ஆயில் மூடியின் உட்புறம் பாலாடை படியவில்லை.
புகையும் வெள்ளையாய் வரவில்லை.
பின்னே எங்கேதான் போகிறது?

எதில்பெர்த்தோ பானெட்டைக்கூடத் திறக்கவில்லை.
"ஹெட் கேஸ்கெட்," என்றான்,
"தொள்ளாயிரம் சோல், பழைய பாக்கி சேர்க்காமல்."
அவனிடம் எல்லா வியாதியும் தொள்ளாயிரம்தான்.

டிகோ சின்ன வண்டி.
நாலு பேர் உட்கார்ந்தால்
ஐந்தாவது ஆளின் மூச்சுக்கு இடமில்லை.
மூச்சுதான் கண்ணாடியில் படிகிறது என்று
துணியால் துடைத்துக்கொண்டே ஓட்டினேன்.
துணி பிசுபிசுத்தது.
கவனித்தேன். யோசிக்கவில்லை.

யோசித்ததெல்லாம் செனோவியாவைப் பற்றி.
சுக்குயித்தோ நிறுத்தத்தில் ஏறுவாள்,
முன்சீட்டில், காலிடுக்கில் ட்ரவுட் மீன் கூடை.
இறங்கியபின் கால்மிதி நனைந்திருக்கும்.
முதல் வாரம் பல்லைக் கடித்தேன்.
அப்புறம் ஈரத்துக்கென்று ஒரு சோல் கூட வாங்கினேன்.
"கூடைக்கடியில் பிளாஸ்டிக் போட்டிருக்கேன், பார் ரொசேந்தா."
பார்க்கவில்லை.
பதினோரு நாள், பதினோரு சோல்.
பன்னிரண்டாம் நாள் அவள் கை நீட்டினாள்.
நான் ரோட்டையே பார்த்தபடி போய்விட்டேன்.

அன்று சாயங்காலமும் கால்மிதி ஈரம்தான்.
ஊறினது காய நாளாகும் என்று
எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

வியாழக்கிழமை ஏற்றத்தில் முள் சிவப்பைத் தொட்டது.
ஒதுங்க ஓரமில்லை, பின்னால் லாரி.
எஞ்சின் சூட்டை உள்ளே இழுத்துக்கொள்ளலாம் என்று
ஹீட்டரை முழுசாய்த் திறந்தேன்.
சூடு வரவில்லை.
வந்தது ஆவி,
வெல்லப்பாகு அடிப்பிடிக்கப் போகும் நேரத்து வாசனையோடு,
முகம் முழுக்க.

ஏற்றம் முடிந்த இடத்தில் நிறுத்தினேன்.
ஏரி தன்பாட்டுக்கு நீலமாய்க் கிடந்தது.
கால்மிதியைத் தூக்கினால்
அடியில் கம்பளம் தவளைக்குட்டை மாதிரிப் பச்சை.
விரலில் தொட்டு முகர்ந்தேன்.
எந்த மீனுக்கும் இந்த வாசனை கிடையாது.

வெளியே அட்டை விரித்துக் காத்திருந்தேன்,
திருட்டு உள்ளே நடந்திருக்கிறது:
டாஷ்போர்டுக்குப் பின்னால்,
நோட்டுப்புத்தகம் அளவு ஒரு ஹீட்டர் பெட்டியில்.

ஆறட்டும் என்று நாற்பது நிமிஷம்.
பிறகு அதற்குப் போகும் ஹோஸையும் வரும் ஹோஸையும் பிடுங்கி,
அண்ணன் வீட்டுக் குளியலறை வேலையில் மிஞ்சி
டிக்கியில் உருண்டுகொண்டிருந்த செம்புக் குழாயில்
இரண்டையும் கோத்தேன்.
கேனில் இருந்ததை ஊற்றி,
குமிழி அடங்கும்வரை மூடி போடாமல் நின்றேன்.
முள் நடுவுக்கு வந்தது, அங்கேயே நின்றது.
செலவு, இரண்டு கிளாம்ப்.
இனி ஜூலை விடியலில் வண்டிக்குள் சூடு கிடையாது.
போர்வை கொண்டுவர வேண்டும்.

மறுநாள் சுக்குயித்தோவில்
அவள் கை நீட்டவில்லை. நான்தான் நிறுத்தினேன்.
பதினோரு சோல், சில்லறையாக,
கையுறைக்குள்ளேயே வைத்திருந்து சூடாகிப்போனவை.
வழியெல்லாம் சொல்லிப் பார்த்த வாக்கியம்
வாய்க்கு வரவில்லை.
"ஹீட்டர் ஒழுகியிருக்கு," என்றேன்.

எண்ணினாள். ஒன்றைத் திருப்பித் தந்தாள்.
"ஒருநாள் நிஜமாவே கூடை சாஞ்சுது."

கதவைத் திறந்து
பின்சீட்டில் ஏறிக்கொண்டாள்.
முன்பக்கம் காலியாய்க் காய்ந்துகொண்டு வந்தது
புனோ வரைக்கும்.