ஐந்து அங்குலம்

மாரத்தஹள்ளி, ஆறாவது மாடி, இரவு ஷிப்ட்.
என் திரையில் பின்லாந்துக்குப் பிப்ரவரி.
ஏரி எண் 4417.
பெயர் உண்டு, என் வாய்க்குள் அது திரும்பவில்லை.
எண்ணாலேயே பழகிக்கொண்டோம்.

வேலை இதுதான்:
உறைந்த ஏரியின் மேல்
பனிவண்டி போகும் தடத்தை
நீலக் கோடாக இழுக்க வேண்டும்.
பார்க்கத் தகுந்த இடம் வந்தால்
ஒரு பச்சைப் புள்ளி.
எது பார்க்கத் தகுந்தது என்று
பயிற்சியில் யாரும் சொல்லவில்லை.

நான் பனியைப் பார்த்ததில்லை.
ஊட்டியில் புல்லெல்லாம் வெளுத்துக் கிடந்ததாம்,
நாங்கள் போன வாரம் மழை.
ஐஸ் என்றால் எனக்கு
ரஸ்ஸல் மார்க்கெட்டில் சாக்குக்கு அடியில்
வஞ்சிரத்தோடு கிடக்கும் பாளம்.
அதன் மேல் யாரும் நடந்து பார்த்ததில்லை.

வண்டியைத் தாங்க
ஐந்து அங்குலமாவது வேண்டும் என்கிறது கையேடு.
ஐந்து அங்குலம் எவ்வளவு?
சனிக்கிழமை
எவர்சில்வர் தூக்கில் தண்ணீர் ஊற்றி
ஃப்ரீஸரில் வைத்தேன்.
ஞாயிறு காலை மூடி எழும்பி நின்றது.
ஸ்கேல் வைத்துப் பார்த்தேன். நாலே முக்கால்.
"இது மேலயா ஒரு ஆளு போறான்?" என்றார் எட்வின்,
குழம்புச் சட்டி வைக்க இடமில்லாத கோபத்தில்.

ஒரு ஆள்.
அதுவரை நான் கோடுதான் போட்டிருந்தேன்.

4417-ல் பழைய தடம்
வகிடு எடுத்த மாதிரி நேராகப் போயிற்று.
ஆனால் மூன்று தேதிப் படங்களை
ஒன்றன்மேல் ஒன்றாக வைத்தால்
ஓடை வந்து விழும் வாயில் ஒரு சாம்பல் கறை,
பாலாடையில் யாரோ ஊதியது போல.
மூடுகிறது, திறக்கிறது, மறுபடி மூடுகிறது.
கீழே தண்ணீர்
இன்னும் நடந்துகொண்டுதான் இருக்கிறது.

கோட்டை வளைத்தேன்.
மேற்கே இழுத்து
மூன்றே மூன்று ஊசியிலை மரங்கள் நிற்கும்
திட்டைச் சுற்றி விட்டேன்.
நாலு கிலோமீட்டர் கூடுதல்.
டீம் லீட் சமர்த் கேட்டான், "காரணம்?"
பெட்டியில் 'பாதுகாப்பு' என்று எழுதினேன்.
திட்டருகே பச்சைப் புள்ளியும் வைத்தேன்.
அதற்குக் காரணம் கேட்கும் பெட்டி இல்லை.
மரங்களின் நிழல்
நண்பகலிலேயே அவ்வளவு நீளம்,
ஏரியில் யாரோ கோலம் தொடங்கி
மூன்று இழையோடு எழுந்து போன மாதிரி.
அவ்வளவுதான்.

நேற்று இரவு ஒரு பயணப் பதிவு வந்தது.
யாரோ ஓட்டியிருக்கிறார்கள்.
பெயரில்லை, சிவப்புப் புள்ளிகளின் சரம்.
என் வளைவில் வளைந்து
திட்டைச் சுற்றி
பச்சைப் புள்ளிக்குச் சற்றுத் தள்ளி
நின்றுவிட்டது.
பதினோரு நிமிடம்.

எஞ்சின் கோளாறா, சிகரெட்டா, சிறுநீரா,
கையுறையைக் கழற்றி
யாருக்காவது போன் செய்தார்களா.
பெரிதாக்கிப் பார்த்தேன்.
புள்ளி, புள்ளியாகவே பெரிதானது.
அது மறுபடி கிளம்பித்
தெற்கே கரையேறியதைப் பார்த்த பிறகுதான்
டீ குடிக்கப் போனேன்.
டீ மெஷினில் பால் தீர்ந்திருந்தது.

காலை ஆறரை. ஸ்கூட்டி.
பெல்லந்தூர் ஏரியோரம் காற்று.
வலைக்கு மேல் ஏறிய நுரை
வெள்ளை வெள்ளையாய் ரோட்டில் விழுகிறது.
சோப்பும் சாக்கடையும் கலந்த வாடை.
முன்னால் ஒரு சரக்கு ஆட்டோ,
முட்டைக்கோஸ் மூட்டைகளுடன்,
நுரையில் தடம் போட்டுக்கொண்டு போகிறது.
ரோடு எது, பள்ளம் எது, தெரியவில்லை.
அதன் சக்கரத் தடத்திலேயே
என் சக்கரத்தை வைத்துக்கொண்டு போனேன்.

திடீரென்று ஆட்டோக்காரர் வேகம் குறைத்தார்.
வெளியே கையை நீட்டி
இடப்பக்கம் காட்டி, திரும்பிப் பார்க்காமலே கத்தினார்:
"குண்டி இதெ!"

கன்னடத்தில் அது ரோட்டுப் பள்ளம்.
ஒன்பது வருஷமாக இந்த ஊரில் இருக்கிறேன்,
இன்னும் சிரிக்காமல் இருக்க முடியவில்லை.
ஹெல்மெட்டுக்குள் தனியாகச் சிரித்துக்கொண்டே
வலப்பக்கம் வளைத்தேன்.