பதினோராவது கட்டம்

பழைய கோப்பு நூறு, தணிக்கைக்கு.
என் அட்டவணையில் பதினொரு கட்டம்:
பெயர், வயது, உள்நோயாளி எண்,
என்ன அறுவை, ஏன் அறுவை,
என்னென்ன ஆகலாம், வேறு வழி உண்டா,
சொன்ன மருத்துவர், கேட்டவர் ஒப்பம்,
தேதியோடு நேரம்,
கடைசியில் சாட்சி.

கோரிப்பாளையத்து பஸ் ஹாரனெல்லாம்
கூரையோரச் சின்ன ஜன்னல் வழியே இறங்கும்
கீழ்த்தளப் பதிவேட்டு அறையில்
மூன்று நாளாக டிக் அடிக்கிறேன்.

நேரம்தான் அதிகம் விடுபடுகிறது.
சிலதில் நேரம் உண்டு,
மயக்க ஊசிக்கு இருபது நிமிடம் பின்னால்.
‘எல்லாம் சொல்லப்பட்டது’ என்று
ஒரே கை முப்பத்தாறு பேருக்கு எழுதியிருக்கிறது.
டாக்டர் ஜெயசிங்கிடம் கேட்டேன்.
‘ஓபியில இருநூறு பேர் நிக்கிறாங்கய்யா.’
அதுவும் பொய்யில்லை.

அறுபத்து நாலாவது கோப்பு.
பின்னியக்காள், 47, செக்கானூரணி.
ஒப்பமிடும் கோட்டில் ஒப்பமில்லை.
உருண்டை எழுத்து, அழுத்தி, கோட்டைத் தாண்டி:
‘கர்ப்பப்பையை எடுப்பது என்றால் முழுசுமா
சினைப்பையும் சேர்த்தா
மகள் திருப்பூரிலிருந்து வருகிறாள்
அவளும் கேட்ட பிறகு போடுகிறேன்.’

மூன்று நாளில்
ஒரு தாள் என்னிடம் வாய் திறந்தது இதுதான்.
ஐந்து கட்டம் காலி.
முழுமையற்றது என்று எழுதினேன்.

அதனடியில் இன்னொரு படிவம்.
அதே பெயர். மறுநாள். காலை 6.10.
பதினொன்றும் நிறைந்திருந்தது.
ஒப்பத்துக்குப் பதில் இடது பெருவிரல் ரேகை,
ஊதா மை, கொஞ்சம் இழுபட்டு.

அப்படி எழுதத் தெரிந்தவள்.

வலக்கையில் ட்ரிப் ஏறியிருக்கலாம்.
ராத்திரி பஸ்ஸில் மகள்
ஆரப்பாளையத்தில் இறங்கி
ஆட்டோ பிடித்து வந்து சேர்ந்திருக்கலாம்.
யாராவது கட்டிலோரம் உட்கார்ந்து
படம் போட்டே சொல்லியிருக்கலாம்.
லாம், லாம் என்று தள்ளிக்கொண்டே போனேன்
பதினோராவது கட்டம் வரை.

சாட்சி: த. சோணைமுத்து, வார்டு எழுத்தர்.

‘சோ’வின் கொம்பை
நான் மட்டும்தான் அப்படிச் சுழிப்பேன்.

நாலு வருஷம் ஆகிறது.
முகத்தைத் தேடுகிறேன்.
ட்யூட்டி மாறும் நேரம், அடுக்காக ஆறேழு படிவம்,
‘சார், இதுல ஒண்ணு போட்டுருங்க’ என்ற குரல்,
மூடி தொலைந்த என் பேனா. அது ஞாபகம் இருக்கிறது.
அவள் கட்டில் எந்தப் பக்கம் கிடந்தது?

விதிப்படி பிந்தைய படிவமே கணக்கு.
முழுமை என்று டிக் அடித்தேன்.

குறிப்பு எழுத அட்டவணையில் இடமில்லை.
ஓரத்தில், கோட்டைத் தாண்டி எழுதினேன்:
சாட்சியை விசாரிக்கவும்.
நேரமும் போட்டேன்,
மாலை 4.25.