வத்தலக்குண்டிலிருந்து குளிர்

குளிருக்காகக் கீழேயிருந்து ஆள் ஏறி வரும் ஊர் இது.
அன்று குளிரே கீழேயிருந்து ஏறி வந்தது,
முதல் பேருந்தில், ஓட்டுநர் இருக்கைக்குப் பின்னால்,
மாட்டுக்குச் சினை ஊசி சேமிக்கும் அலுமினியக் கேனில்.
வளைவுக்கு வளைவு சாயாமல்
முழங்காலுக்கிடையில் இடுக்கிக்கொண்டு வந்தார்
டாக்டர் மெஹருன்னிசா.
பால் கேன் என்று நினைத்து
நடத்துனர் லக்கேஜ் கேட்டாராம்.
கொடுத்தாராம்.

பிஸ்கட்டுக்கு முகம் வெள்ளை.
கண்ணைச் சுற்றி இளஞ்சிவப்புத் தோல்,
பிறந்த குழந்தையின் உள்ளங்கால் மாதிரி.
அந்த அழகுக்குத்தான் ஏரிக்கரையில்
முதலில் அவனைக் கேட்பார்கள்.
அந்த அழகில்தான் வந்தது.

முதலில் ஒரு சாமை மணி,
இடது கீழிமை ஓரத்தில்.
முள் கீறியிருக்கும் என்று மஞ்சள் வைத்தேன்.
மழை முடியும்போது பட்டாணி.
தைப் பனியில் அது வெடித்து
கன்னத்தில் ஒரு சிவந்த கோடு இறங்கியது.
"அம்மா, குதிரை அழுவுது" என்றது ஒரு குழந்தை.
அன்றிலிருந்து அவன் இடப்பக்கத்தை
ஏரியைப் பார்க்க நிறுத்தினேன்.
தண்ணீர் ஒன்றும் கேட்காது.

"ஆடியில அந்தியூர்ச் சந்தைக்கு அனுப்பிடு,
ஒத்தக் கண்ணுன்னாலும் வண்டிக்கு எடுப்பான்"
என்றான் என் அண்ணன் இன்னாசி.

நாமக்கல்லுக்கு அனுப்பிய தசைத் துணுக்கு
பதினொரு நாள் கழித்து ஒரு சொல்லாகத் திரும்பியது.
"புகையிலைகூடத் தொட்டதில்லையே டாக்டர்" என்றேன்.
சொன்ன பிறகு என் மடத்தனம் எனக்கே கேட்டது.
அவர் சிரிக்கவில்லை.
"வெயில்" என்றார்.
"இங்கயா?"
"சூரியனுக்கு ஏழாயிரம் அடி கிட்ட நிக்கிறீங்க செலின்.
மேகம் மறைச்சா சூடுதான் குறையும்."

கழுத்தில் ஊசி. நாலு நிமிடத்தில்
கீழுதடு தொங்கியது, காது சரிந்தது,
எத்தனையோ பேரைச் சுமந்த பிராணி
தன் தலையை என் தோளில் இறக்கி வைத்தது.
தலை மட்டுமே இவ்வளவு கனம் என்று
எனக்குத் தெரியாது.

இமையை மரக்கடித்தார்.
டீக்கடைத் தெர்மாகோல் கப்பை வெட்டி, வாசலின் தடவி,
விழிக்கும் இமைக்கும் நடுவே செருகினார்.
கட்டியைச் சுரண்டி எடுத்தார்.
கேனைத் திறந்தார்.

வெள்ளைப் புகை.
எங்கள் மூடுபனி போலத்தான் இருந்தது,
ஆனால் ஒரு சொட்டு சிந்திய இடத்தில்
புல் கண்ணாடியாக ஒடிந்தது.

இமை வெளுத்துக் கல்லானது.
"இளகட்டும்" என்றார்.
காத்திருந்தோம்.
லாயத்துத் தகரத்தில் குரங்குகள் ஓடின.
இன்னாசி மூன்று டீ வாங்கி வந்தான்,
சந்தையைப் பற்றிப் பேசாமல்.
இளகியது. மறுபடி உறைய வைத்தார்.
"ஒரு தடவை போதாதா?"
"வேகமா உறையணும், மெதுவா இளகணும்.
உறையும்போது சாகாதது
இளகும்போது சாகும்."

குதிரையை விட்டுவிட்டு
வேறு எதற்கெல்லாமோ அதைப் பொருத்திப் பார்த்து
இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

மூன்று வாரம் இமை கறுத்தது, நாறியது, உதிர்ந்தது.
"அந்த இடத்துல முடி இனி வெள்ளையாத்தான் முளைக்கும்."
"அது எப்பவும் வெள்ளைதானே டாக்டர்."
அப்போது சிரித்தார். பிறகு,
"திரும்பி வராதுன்னு சொல்ல மாட்டேன்.
பாத்துக்கிட்டே இருங்க."

இமையோரம் இப்போது ஒரு சின்னப் பள்ளம்.
தூங்கும்போதும் அங்கே ஒரு கீற்று மூடுவதில்லை.
பழைய குடைத்துணியில் முகமூடி தைத்தேன்;
"கண்ணைக் கட்டியா ஓட்டுறீங்க?" என்று
சண்டைக்கு வருகிறார்கள்.
யாரோ ஓட்டல் அறையில் விட்டுப்போன வெயில் களிம்பை
அவன் மூக்கில் தடவுகிறேன்.
எனக்கும் கொஞ்சம்.

ஏரிமேல் மேகம் படுத்திருக்கும் காலையிலும்
முகமூடி மாட்டுவதற்கு முன்
பெருவிரலால் இமையைக் கீழே இழுத்து
ஒரு சாமை மணியைத் தேடுகிறேன்.
கிடைக்கக் கூடாது என்று வேண்டிக்கொண்டு
இவ்வளவு கவனமாக நான் எதையும் தேடியதில்லை.

இல்லை.
இன்றைக்கு இல்லை.

"ஒரு ரவுண்டு எவ்ளோங்க?"
"இருநூத்தம்பது.
எந்தப் பக்கம் வேணும்னாலும் நின்னு
போட்டோ எடுத்துக்கங்க."