பக்கம் இல்லாத வழக்கு

அபர்டீனில் இரவு இரண்டரை.
மழையில் ஊர்க் கல்லெல்லாம் ஈயம்போல் மின்னுகிறது.
நூலகத்தின் ஏழாம் மாடியில்
நானும், முனகும் ஒரு ஹீட்டரும்,
அறுபத்தோராவது அடிக்குறிப்பும்.

மென்பொருள் கேட்கிறது:
தொகுதி எண்?
இல்லை.
எந்தத் தீர்ப்புத் திரட்டு?
எதிலும் இல்லை.
தொடக்கப் பக்கம்?
அட, அது அச்சேறவே இல்லை என்கிறேனே.
சிவப்புக் கட்டம் ஒன்று சிமிட்டுகிறது,
வாயிற்காவலன் அடையாள அட்டை கேட்பதைப்போல.

ஏழை சொல் அம்பலம் ஏறாது என்பார்கள்.
இது அம்பலம் ஏறிய சொல்.
ஏடுதான் ஏறவில்லை.

லெர்விக் ஷெரீஃப் நீதிமன்றம்.
இரண்டாயிரத்து மூன்று, நவம்பர் பதினான்கு, வெள்ளிக்கிழமை.
இஸ்பிஸ்டர் எதிர் மவுட்.
ஒரு சின்னத் துறை, சுவரில் ஒரே ஓர் இரும்பு வளையம்.
அதில் யார் கயிறு கட்டுவது என்பதுதான் வழக்கு.
ராபினா இஸ்பிஸ்டர் நண்டுக்கூண்டு போடுகிறவள்,
தினம் கடலுக்குப் போகிறவள்.
லவ்ரி மவுட் ஆட்டுக்காரன்,
அவன் படகு வருடத்தில் ஆறு நாள் நனைந்தால் அதிகம்.
வளையம் இருந்ததோ அவன் பாட்டன் கட்டிய சுவரில்.
ஒன்பது வருடம்
அவள் கட்டினாள், அவன் அவிழ்த்தான்.

தடித்த தொகுதிகள் முந்நூறு புரட்டியிருக்கிறேன்,
தோல் அட்டை, பொன் எழுத்து,
பிரபுக்களின் ஏரிகள், கம்பெனிகளின் கப்பல்கள்.
என் ஆய்வேட்டுக்கு வேண்டிய ஒற்றை வரி
அவற்றில் எங்கும் கிடைக்கவில்லை.
இங்கே, பத்தொன்பதாம் பத்தியில் கிடக்கிறது:
'பொறுத்துக்கொண்டது சம்மதித்தது ஆகாது.'

அங்கேயே நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை.
இருபத்து மூன்றாம் பத்தி:
'அவிழ்த்த கயிற்றைப் பிரதிவாதி ஒவ்வொரு முறையும்
வட்டமாகச் சுருட்டி, அலை தொடாத கல்லின்மேல்
வைத்திருக்கிறார்.
இதை விரோதம் என்பதா வேறென்ன என்பதா,
இந்த நீதிமன்றத்துக்குத் தெரியவில்லை.'

இதைத் திரட்டில் சேர்க்க வேண்டாம் என்று
யாரோ முடிவு செய்திருக்கிறார்.
சட்டத்தில் புதிதாக ஒன்றுமில்லையாம்.

தரவுத்தளம் அதற்கு ஓர் எண் போட்டிருக்கிறது,
பார்சலில் ஒட்டுகிற எண்ணின் நீளத்துக்கு.
அடுத்த தளத்தில் வேறொரு எண்,
ஒரே ஆளுக்கு இரண்டு ரேஷன் கார்டு மாதிரி.
இரண்டையும் ஒப்பிட்டேன்.
ஒன்றில் கயிறு நீலம். மற்றதில் நிறமே இல்லை.

ஏற்றுமதி பொத்தானை அழுத்தினேன்.
மென்பொருளுக்கு மனிதர்களைத்தான் தெரியும்,
முன்பெயரும் குடும்பப் பெயரும் உள்ள மனிதர்களை.
கடைசிச் சொல்லை முன்னால் இழுத்து,
ஒரு காற்புள்ளி வைத்து,
நூற்பட்டியலின் 'ம' வரிசையில் இறக்கியது:

மவுட், இஸ்பிஸ்டர் எதிர்.

சிரித்துவிட்டேன். ஹீட்டரும் ஒரு கணம் நின்றது.
ஒன்பது வருடம் ஒரு வளையத்தைப் பங்கிட முடியாதவர்களை
ஒரே ஆளாக்கிவிட்டது ஒரு காற்புள்ளி.
'எதிர்' அவர்களின் நடுப்பெயர்.

திருத்துவது எளிது.
வகை என்ற இடத்தில் புத்தகத்தை எடுத்துவிட்டு வழக்கு.
பெயரை ஆசிரியர் கட்டத்திலிருந்து தலைப்புக்கு.
பக்கத்துக்குப் பதில் பத்தி.
நீதிமன்றம், முழுத் தேதி,
கடைசியில், வெட்கப்படாமல், 'வெளியிடப்படாதது'.
மூன்று நிமிட வேலை.
பதினைந்து நிமிடம் ஆயிற்று.

காலையில் டாக்டர் ஃபெட்டிஸின் குறிப்பு வந்திருந்தது,
ஓரத்தில் ஒற்றைச் சொல்: பக்கம்?

இல்லை என்று எழுதினேன்.
அடிக்குறிப்பில் இஸ்பிஸ்டர் ஒரு பக்கம்,
மவுட் ஒரு பக்கம்,
நடுவே சாய்ந்த எழுத்தில் அந்த 'எதிர்',
சட்டப்படி எல்லாம் சரி.

ஒன்பதாம் வரைவை மட்டும் அழிக்கவில்லை.
எந்தக் கோப்புறையில் போட்டேன்
என்பது நினைவில்லை.