நாற்பத்தொன்றாம் எண் வில்லை

கோயிலுக்குள் போகிறவர்கள்
என்னிடம் கழற்றிக் கொடுப்பது
வெறும் செருப்பு என்றே நினைக்கிறார்கள்.
குதிகால் எந்தப் பக்கம் தேய்ந்திருக்கிறது
என்று பார்த்தால் போதும்,
வழக்கில் தோற்றவனா
மகளைக் கட்டிக்கொடுத்தவனா
முக்கால்வாசி சொல்லிவிடுவேன்.

ஜிராவதி என் பெயர். ஓடக்காரச் சாதி.
சுனார் கோட்டைக்கு மேற்கே
கங்கை திரும்புகிற இடத்தில்
பதினேழு படி இறங்கினால்
மல்லாந்து படுத்திருக்கிறார் எங்கள் அனுமார்.
மற்ற ஊர்களில் மலையைத் தூக்குவார்,
கைகட்டி நிற்பார், நெஞ்சைப் பிளந்து காட்டுவார்.
இங்கே அந்த வேலையெல்லாம் முடிந்துவிட்டது.
கண்ணைத் திறந்தபடி
கூரையைப் பார்த்துக் கிடக்கிறார்,
இரண்டு ஷிப்ட் சேர்த்துப் பார்த்துவிட்டு வந்த
சிமெண்ட் ஆலைக்காரர் மாதிரி.

கடவுளுக்கு நேரே காலை நீட்டாதே என்று
பலகை எழுதி வைத்திருக்கிறார்
பூசாரி திரியுகி மிஸ்ரா.
தோல் பொருள் கூடாது.
முதுகு காட்டித் திரும்பக் கூடாது.
சரி.
அவருடைய கால் அல்லவா
எங்களைப் பார்த்து நீண்டிருக்கிறது!
செந்தூரம் அப்பிய உள்ளங்கால்.
என் பாயிலிருந்து எட்டிப் பார்த்தால்
தெரிவது அது மட்டும்தான்.
முகத்தை நான் பார்த்தது
பன்னிரண்டு வருடத்தில் மூன்று முறை.
போனால் செருப்பை யார் பார்ப்பது?

மௌனி அமாவாசைக் கூட்டத்தில் ஒருவர் வந்தார்.
பழுப்புத் தோல் செருப்பு,
இடது வாரில் நீல நூல் தையல்.
வலது செருப்பின் நுனி, தரையில் இழுபட்டு
ஒரு பக்கமாகக் கரைந்திருந்தது.
நாற்பத்தொன்று பொறித்த பித்தளை வில்லையைக் கொடுத்தேன்.
பிரசாதம் போல நெற்றியில் ஒற்றிக்கொண்டு
படியிறங்கினார்.
ஏறி வந்ததை நான் பார்க்கவில்லை.

ஹோலி போயிற்று.
மாம்பழம் வந்து, அதுவும் போயிற்று.
தூக்கி எறி என்றார் மிஸ்ரா.
வில்லை வராமல் செருப்பு போகாது என்றேன்.
பலகையில் எழுதாவிட்டாலும்
அதுவும் ஓர் ஆசாரம்தான்.

சாவன் மாதக் கடைசியில் ஆறு ஏறியது.
அனுமாரைக் குளிப்பாட்ட
அம்மா வருகிறாள் என்று ஊரே திரண்டு நின்றது.
கடைசிப் படியைத் தண்ணீர் தாண்டியபோது
சங்கு, சேகண்டி, ஜயகோஷம்.
நான் ஒன்றைப் பார்த்தேன்:
அவள் எதையும் வெளியே கழற்றி வைக்கவில்லை.
சேறு, பாதிக் கட்டில், மண்ணெண்ணெய் டின்,
வயிறு உப்பிய ஓர் ஆடு,
எல்லாவற்றோடும் உள்ளே போனாள்.
ராமன் என்றும் பாராமல்
காலைக் கழுவினால்தான் ஓடத்தில் ஏற்றுவேன் என்று
எங்கள் குலத்தான் ஒருவன் சொன்னானாம்.
இவளிடம் யார் போய்ச் சொல்வது?
போகிற போக்கில் என் பலகையையும் தட்டினாள்.
அறுபது செருப்பாவது இருக்கும்,
தாங்களே படியிறங்கித்
தரிசனத்துக்குப் போயின.

பதினோரு நாள்.
தண்ணீர் வடிந்ததும் மண்வெட்டியோடு இறங்கினார்கள்.
முதலில் மூக்கு வந்தது, பிறகு கதை, முழங்கால்.
அப்புறம் மிஸ்ராவின் கூச்சல்:
தோல்! கருவறையில் தோல்! யாருடையது?

நீல நூல்.
காலடியில் கிடக்கவில்லை.
கிடந்திருந்தால் இந்நேரம்
அதிசயம் என்று உண்டியல் வைத்திருப்பார்கள்.
இடுப்புக்கும் கதைக்கும் நடுவே
குப்புறக் கிடந்தது.

என்னுடையது என்றேன்.
பொய்யில்லை.
வில்லை திரும்பும்வரை என்னுடையதுதான்.
சுத்தி செய்ய இருநூற்றைம்பது ரூபாய் கேட்டார்.
ஆற்றிடம் எவ்வளவு வாங்கினீர்கள் என்று
வாய்வரை வந்தது.
கொடுத்துவிட்டேன்.

நான்காம் முறையாக முகத்தைப் பார்த்தேன்.
கண்ணில் வண்டல்.
முந்தானையால் துடைத்தேன், யாரும் தடுக்கவில்லை.
பிறகு முதுகு காட்டாமல்,
கையில் செருப்போடு,
பதினேழு படியும் பின்னோக்கியே ஏறினேன்.

இடது மட்டும்தான் கிடைத்தது.
அவர் இழுத்து நடந்த வலது
பாட்னா தாண்டியிருக்கும்.
கடுகெண்ணெய் தடவி
நிழலில் காயவைத்திருக்கிறேன்.
தோலை வெயிலில் வைக்கக் கூடாது.