பாலினம் தெரிவிக்கப்படமாட்டாது

ஞாயிறு, ஐந்தரை மணி.
குன்னூருக்கு இன்னும் பால்வண்டி வரவில்லை.
கேரட் இறக்கிய மண்ணோடு
பிக்கப்பைக் கொண்டுவந்து நிறுத்துகிறான் போஜன்.
அவனுக்கு மீனும் வேண்டாம், ஆறும் வேண்டாம்.
"நீங்க புடிங்க டாக்டர், நான் தூங்கறேன்."
எமரால்டு தாண்டும்வரை
வர்க்கியைக் கடித்துக்கொண்டே
மைத்துனியின் விவாகரத்தைச் சொல்லி முடிக்கிறான்.

அவலாஞ்சியில் புல்லெல்லாம் உறைபனி.
அனுமதிச் சீட்டில்
மங்கையர்க்கரசி என்ற என் பெயரில்
ஓர் எழுத்தைக் குளிர் தின்றிருக்கிறது.

பெட்டியைத் திறக்கிறேன்.
இதற்குப் பெயர் ஈ.
பறக்காது, மொய்க்காது.
சேவல் கழுத்திறகு இரண்டு,
பக்கத்து வீட்டு நாயின் காதுமயிர் கொஞ்சம்,
பிரசவ வார்டில் மிஞ்சிய தையல் நூல்,
எல்லாம் ஒரு முள்ளில்.
நேற்றிரவுத் தூக்கம் இதில்தான் போயிற்று.
ஓரெழுத்து ஒருமொழி, ஏழாம் வகுப்பு, ஒரு மதிப்பெண்:
ஈ என்றால் பூச்சி.
ஈ என்றால் கொடு.
நீருக்கு முதலாவதைத் தந்து
இரண்டாவதைச் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

கோலைப் பின்னே எடுத்ததும்
நூல் முதுகுக்குப் பின்னால் நேராகும்வரை
ஒரு மூச்சு பொறுக்கவேண்டும்.
பொறுத்ததில்லை.
நீலகிரியில் நான் அதிகம் பிடித்தது
சீகை மரம்தான்.

போன வருடம் நியூசிலாந்தில், தங்கை வீட்டுக்குப் போனபோது,
இடுப்பளவு நீரில் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு
ஹீனி என்ற வழிகாட்டி இதையேதான் சொன்னாள்.
நான்கு மணி நேரம். இங்கே ஒரு மாத வீட்டு வாடகை.
ஒரு செதில்கூட இல்லை.
எங்கள் மலையிலும் இதே டிரவுட் உண்டு என்றேன்,
சம்பந்தி வீட்டைச் சொல்வதுபோல, சற்றுப் பெருமையாக.
இங்கேயும் இது ஊர்க்காரன் இல்லை என்றாள்,
முட்டையாகக் கப்பலில் வந்தது, ஐஸில் பொதிந்து.
அங்கே?
அப்படித்தான்.
யாருடைய மீனையோ பிடிக்கமுடியாமல்
இரண்டு பேரும் கரையேறினோம்.

வாரத்தில் ஆறு நாள்
இருட்டறையில், சாம்பல் நிற நீரில்
அடுத்தவர் பிள்ளைகளைத் தேடுவது என் வேலை.
முதுகெலும்பு பாசிமணி கோத்ததுபோல் வரும்.
இதயம் இமைக்கும்.
சுவரில் பலகை, இரண்டு மொழியில்.
படித்துவிட்டுத்தான் கேட்பார்கள்.
நேற்று ஒரு மாமியார், கைப்பையைத் திறந்தபடி:
"வாயால சொல்ல வேணாம் டாக்டர்,
லட்டா ஜிலேபியா, அது போதும்."
"உங்களுக்குச் சர்க்கரை எவ்வளவும்மா?" என்றேன்.
படுத்திருந்தவள் திரையைப் பார்க்கவில்லை.
என் முகத்தைப் பார்த்தாள்.
பதினாறு வருடமாக அதில்
எதுவும் எழுதாமல் வைத்திருக்கிறேன்.
சில நாள் வீட்டுக்கு வந்தும்
அந்த வெறுமை துடைத்தால் போவதில்லை.

பத்தரை மணி.
பாறையடியில் ஒரு நிழல், நிழல்போல் இல்லை.
அதைக் கண்டுபிடிக்க மட்டும் எனக்குத் தெரியும்.
கோலைப் பின்னே எடுத்தேன்.
பொறுத்தேன்.
(ஹீனி, பொறுத்தேன்.)
ஈ இறங்கிற்று.
நீர் ஒருமுறை உதடு பிரித்தது.

கை நிறையக் குளிர் துடிக்கிறது.
விலாவில் ரோஜா நிறக் கோடு, யாரோ அவசரத்தில் இழுத்தது.
எதிர்முள்ளை முன்பே நசுக்கியிருந்தேன்,
தானாகக் கழன்றுகொண்டது.
தாடை வளையவில்லை. வயிறு மேடு.
கட்டைவிரலின் கீழே
முட்டைகள் மணிமணியாக நழுவுகின்றன.
ஜெல் இல்லை, திரை இல்லை,
சுவரே இல்லை.

"பெண்" என்றேன்.
என் குரல் எனக்கே புதிதாக இருந்தது.
இன்னொரு முறை, மலைக்குக் கேட்க:
"பெண்!"

எதிர்ச்சரிவில் தோடர் எருமை ஒன்று தலைதூக்கி
புல்லுக்கே திரும்பிற்று.
விரலிடுக்கில் இரண்டு மூச்சு நின்றவள்
அப்புறம் இல்லை.

வண்டியிலிருந்து பதறி எழுந்து
போஜன் கேட்கிறான்,
"யாருக்கு டாக்டர்?"