நேரம், செய்த வேலை, உணர்ந்தது

ஆசாரிப்பள்ளம் ஆஸ்பத்திரியில் பெட்டியைக் கட்டிவிட்டார்கள்.
ஒரு சோப்பு அளவு. எப்சியின் நெஞ்சில் ஐந்து ஒட்டு, ஐந்து வயர்.
"நாளை இந்நேரம்வரை குளிக்கக் கூடாது."
கூடவே மூன்று கட்டம் போட்ட தாள் ஒன்று:
நேரம், செய்த வேலை, உணர்ந்தது.
பத்தாம் வகுப்பு வரை படித்தவள் அவள்,
நான் ஆறோடு நின்றவன்.
ஆனாலும் தாளை என்னிடம் நீட்டினாள்.
அது வரும் நேரத்தில் அவள் இருக்கமாட்டாளே.

குலசேகரம் பஸ்ஸில் ஜன்னலோரம் கொடுத்தேன்.
5.40, பஸ், ஒன்றுமில்லை என்று எழுதினேன்.
"ஒண்ணுமில்லண்ணு எழுதாண்டாம்,
பசிக்குதுண்ணு எழுதுங்க."
எழுதினேன்.

எட்டு வருடமாகப் பார்க்கிறேன்.
விழுவதும் வெட்டி இழுப்பதும் ஊருக்கே தெரியும்.
எனக்குத் தெரிவது அதற்கு முந்திய அரை நிமிடம்.
இடது கையில் மட்டும் மயிர் எழும்பி நிற்கும்,
உரித்த கோழியின் தோல்போல.
அடிவயிற்றிலிருந்து என்னமோ ஏறி வருது என்பாள்,
திற்பரப்பில் பாறை வழுக்கினப்போ வந்ததே, அது.
சிவந்த முகம் நான் பார்க்கப் பார்க்க வெளுக்கும்.
வெறும் வாயை மென்றுகொண்டு
என்னை யாரோ என்று பார்ப்பாள்.

அடுத்த வீட்டு றோணிக்கம் இரும்பு கேட்பாள்.
சாவிக்கொத்து கிடைக்காத ஒரு நாள்
என் பால்வெட்டும் கத்தியை எடுக்கப் போனாள்.
அன்றுமுதல் கத்தி ஓட்டுக்கு அடியில்.

டாக்டர் சின்னப் பெண். மெதுவாகச் சொன்னார்:
மூளையில் இவங்களுக்குத் தீப்பிடிக்கிற இடத்துப் பக்கத்தில்தான்
நம்மைக் கேட்காமல் வேலை செய்கிற நரம்புகளின் கயிறு இருக்கு.
வேர்வை, மயிர், கண்மணி, மூத்திரம், நெஞ்சு
எல்லாம் அதில்தான் கட்டியிருக்கு.
இழுபட்டால் அநேகம் பேருக்கு நெஞ்சு ஓடும்.
யாரோ ஒருத்தருக்கு நிற்கும்.
கடைசி வரியை மட்டும் பேனா மூடியிடம் சொன்னார்.

அன்று ராத்திரி நான் மரத்துக்குப் போகவில்லை.
இரண்டு மணிக்குப் பழகிய கண் தானே திறந்தது.
தலைவிளக்கை நெற்றியில் மாட்டி, எரிக்காமல்,
அவள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன்.

3.12.
கவிழ்ந்து கிடந்தவளைச் சரித்துப் போட்டேன்.
விளக்கைத் தட்டினேன். இடது கை மயிர். வாய் மென்றது.
பிறகு சட்டென்று உடம்பு முழுக்கத் தளர்ந்து
தலை என் உள்ளங்கையில் விழுந்தது.
முகம் சாம்பல்.
பேட்டரி வெளிச்சம் அப்படித்தான் காட்டும் என்று நினைத்தேன்.
இழுப்பு இல்லாமலே போயிற்றே, அப்பாடா என்று மூச்சு விட்டேன்.
அவள் ஒரு முறை உலுக்கிக்கொண்டு கண் திறந்து
வெள்ளம் கேட்டாள்.
கொடுத்துவிட்டு, மூன்றாம் கட்டத்தில் எழுதினேன்:
சீக்கிரம் முடிஞ்சுது. சமாதானம்.

செவ்வாய்க்கிழமை டாக்டர் நீளத் தாளை விரித்தார்.
நூற்று முப்பதில் ஓடிய கோடு
இளைத்து, எட்ட எட்டக் கால் வைத்து,
பிறகு மேசை விளிம்புபோல நேராக.
"பதினொரு விநாடி."
கீழே நேரம் அச்சாகியிருந்தது.
நான் என் தாளை மடிக்கப் பார்த்தேன்,
எப்சி பிடுங்கிப் படித்தாள்.
சமாதானம் என்ற சொல்லின்மேல் அவள் விரல் நின்றது.
என்னைப் பார்க்கவில்லை.
பேஸ்மேக்கர் என்று டாக்டர் ஆரம்பித்ததும்
"அதை வச்சா குளிக்கலாமா?" என்று கேட்டாள்.

இப்போது தோளெலும்புக்குக் கீழே தீப்பெட்டி அளவில் ஒரு மேடு.
வலிப்பு வரத்தான் செய்கிறது, மாத்திரையும் ஓடுகிறது.
மகள் அபிஷா பக்கத்தில் படுக்கிறாள், நான் மரத்துக்குப் போகிறேன்.
கீறின கோட்டில் பால் ஊறி, சரிந்து,
முதல் சொட்டு சிரட்டையில் விழும்வரை எண்ணுகிறேன்.
சில மரம் ஏழு. சிலது ஒன்பது.
பதினொன்றைத் தாண்டும் மரத்தை விட்டு
நகர முடிவதில்லை.
விடிந்த பிறகும் நாற்பது மரம் பாக்கி.
முதலாளி கேட்டால்
மழை என்கிறேன்.